கொலராடோ ஆறு: ஒரு கூன்முதுகு மீனுக்காக மின்சாரத்தை விட்டுக்கொடுப்பது முட்டாள்தனம்தானே?

கேள்வி | 11 ஜூலை 2024

அரிசோனாவில் க்ளென் கேன்யன் அணையில் இந்த வாரத்திலிருந்து ஒரு கூத்து. டர்பைனுக்குப் போக வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கை அணையின் அடியில் இருக்கும் குழாய் (அடிக்குழாய்) வழியாக நேரே ஆற்றில் விடுகிறார்களாம். அதில் ஒரு யூனிட் மின்சாரம் கிடையாது. காரணம் கேட்டால் ஏதோ உள்ளூர் மீனைக் காப்பாற்றவாம். பாலைவனம், பஞ்சம், ஏரியே பாதிக்கு மேல் காலி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் அளந்தே கொட்டுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 ஜூலை 2024

தண்ணீர் வீணாகவில்லை. குழாய் வழியாகப் போனாலும் டர்பைன் வழியாகப் போனாலும் அதே ஆறு, கீழே அதே மீட் ஏரி, மாநிலங்கள் ஆற்றைப் பங்கிட்ட ஒப்பந்தக் கணக்கில் அதே வரவு. இந்த ஆண்டுக்கு 74 லட்சத்து 80 ஆயிரம் ஏக்கர் அடி, நம் கணக்கில் சுமார் 35 டிஎம்சி, கீழே போயாக வேண்டும். போகும். நஷ்டம் மின்சாரம் மட்டும்.

எதற்காக என்றால், ஆற்றைக் குளிர வைக்க. இரவு விரிவாக எழுதுகிறேன்.

12 ஜூலை 2024, இரவு

அந்த அணைக்குக் கீழே லீஸ் ஃபெரி என்ற இடத்தில் பத்து வருடமாகத் தூண்டில் போடுகிறேன். முதல் தடவை போனது ஒரு ஜூன் மாதம். கரையில் பாறையைத் தொட்டால் கை சுடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றில் இறங்கினேன். பத்து எண்ணுவதற்குள் கணுக்கால் மரத்துப்போய் வெளியே குதித்தேன். கூட வந்தவன் சிரித்தான். "ஏரியோட அடிவயிற்றுத் தண்ணிடா இது" என்றான்.

அதுதான் விஷயம். டர்பைனுக்குத் தண்ணீர் எடுக்கும் வாய் கடல்மட்டத்திலிருந்து 3,470 அடியில் இருக்கிறது. அணைக்குப் பின்னால் தேங்கும் பவல் ஏரி நிரம்பினால் மட்டம் 3,700 அடி. அதாவது 230 அடி ஆழத்துத் தண்ணீர், வெயிலே பார்க்காதது. 1963இல் மதகை அடைப்பதற்கு முன் இந்த ஆறு குளிர்காலத்தில் உறைநிலையைத் தொட்டு, கோடையில் 30 டிகிரிக்கு அருகில் போகும். அதற்குப் பிறகு வருடம் முழுக்க ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி. செம்மண் குழம்பாக ஓடிய ஆறு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் நான் இதைக் காதலித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஏரி இறங்கிவிட்டது. 2023 தொடக்கத்தில் மட்டம் 3,520 அடியை ஒட்டி வந்துவிட்டது. எடுக்கும் வாய் அதே இடத்தில்தான் இருக்கிறது, மேலே இருந்த தண்ணீர்தான் இல்லை. 50 அடி ஆழம் என்றால் அது கிட்டத்தட்ட மேல்தண்ணீர். 2022 ஆகஸ்டில் அதே பாறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் காலைத் தொங்கப்போட்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சுகமாக இருந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

13 ஜூலை 2024

35 டிஎம்சி இல்லை, 325. நடுவில் ஒரு இரண்டை விழுங்கிவிட்டேன். தனிமடலில் நான்கு பேர் காதைத் திருகிவிட்டார்கள். ஒருவர் "35 டிஎம்சிதான் என்றால் அதற்கு எதற்குச் சார் 710 அடி உயர அணை" என்று கேட்டிருக்கிறார். நியாயம்.

15 ஜூலை 2024

"எந்த மீன் அது, சாப்பிடலாமா" என்று கேட்டவருக்கு: ஹம்ப்பேக் சப். கெண்டைக்குத் தூரத்து உறவு. தலைக்குப் பின்னால் ஒரு கூன், குட்டிக் கண், வாய்க்கு மேல் தொங்கும் மூக்கு, பென்சில் மாதிரி மெலிந்த வால். சுழலிலும் கலங்கலிலும் நிற்பதற்கென்றே அமைந்த உடம்பு. 30 வருடத்துக்கு மேல் வாழும். அறிவியல் இதற்குப் பெயர் வைத்ததே 1946இல்தான். அதற்குள் அணைகளின் காலம் வந்துவிட்டது. 1967இல் அழிவுப் பட்டியலில் ஏறியது, 2021இல் ஒரு படி இறக்கி "அச்சுறுத்தலில் உள்ளது" என்று மாற்றினார்கள். சாப்பிட முடியாது. பிடித்தால் விட வேண்டும்.

அணைக்குக் கீழே இந்த ஆறு ஓடும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனின் சொந்த மீன்கள் 8 வகை. அதில் 3 வகை அங்கே இப்போது இல்லை. அந்த மூன்றில் ஒன்றான பைக்மின்னோ ஆள் உயரம் வளரும் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன.

இனி குளிர வைக்கும் கதை. ஸ்மால்மௌத் பாஸ் என்று ஒரு மீன். இந்த ஆற்றுக்கு அந்நியம், விளையாட்டு மீனாக விட்டது. வாய்க்கு அடங்கும் எதையும் தின்னும். பவல் ஏரியில் மேல்தண்ணீரில்தான் குடியிருப்பு. ஏரி இறங்கியதும் டர்பைன் வாய் அதன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. உள்ளே இழுத்து, சுழற்றி, கீழே துப்பியது. கொஞ்சம் உயிரோடு வந்தன. 2022 கோடையில் லீஸ் ஃபெரிக்கு மேலே ஒரு தேங்கலில் அதன் குஞ்சுகளையே கண்டார்கள். குஞ்சு இருக்கிறது என்றால் அங்கேயே முட்டையிட்டிருக்கிறது. வலை கட்டி, மருந்து அடித்து அந்தத் தேங்கலைச் சுத்தம் செய்தார்கள்.

பாஸ் முட்டையிட ஏறத்தாழ 16 டிகிரி வேண்டும். ஆகவே 100 அடி கீழே இருக்கும் அடிக்குழாயைத் திறந்து, குளிர்ந்த தண்ணீரைக் கலந்து, லீஸ் ஃபெரிக்கு 61 மைல் கீழே லிட்டில் கொலராடோ என்ற கிளையாறு வந்து சேரும் இடம் வரைக்கும் 15.5 டிகிரிக்குக் கீழே வைக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் கேட்ட "கூத்து" இதுதான்.

15 ஜூலை 2024, கொஞ்சம் கழித்து

எழுதி அனுப்பிவிட்டு டீ போடும்போது தோன்றியது, முக்கியமானதை விட்டுவிட்டேன். கூன்முதுகு மீன் முட்டையிடவும் அதே 16 டிகிரிதான் வேண்டும்.

படித்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். எதிரியைத் தடுக்கும் குளிர், காக்க வேண்டிய மீனையும் தடுக்கும் குளிர். அறுபது வருடமாக "அணையின் குளிர்தான் இந்த மீனைக் கொன்றது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அதே குளிரைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இதில் மீன் பிழைத்திருப்பதற்குக் காரணம் கிளையாறு. லிட்டில் கொலராடோவுக்கு அணையின் குளிர் எட்டாது. மீன் அங்கே ஏறிப்போய் முட்டையிடுகிறது. பேறுகாலத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போவது மாதிரி.

16 ஜூலை 2024

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "மின்சாரம் மட்டும்தான் நஷ்டம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர். 8 ஜெனரேட்டர், 1,320 மெகாவாட். பீக் நேரத்தில் ஒரு நிமிடத்தில் ஏற்றி இறக்கக்கூடிய இயந்திரத்தின் அருமை ஷிஃப்டில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்."

சரி அண்ணே, "மட்டும்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். இந்த மின்சாரத்தை வாங்குவது பெரும் நகரக் கம்பெனிகள் இல்லை. சிற்றூர்கள், கிராமக் கூட்டுறவுகள், பழங்குடி மின் அமைப்புகள். அணை தராததை அவர்கள் வெளிச்சந்தையில் வாங்க வேண்டும், அதுவும் ஏசி ஓடும் ஜூலையில். மீனுக்கான பில் அவர்கள் வாசலில்தான் போய் விழுகிறது. இதை முதல் பதிவிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

20 ஜூலை 2024

ஒரு வாக்குமூலம். பத்து வருடமாக நான் அங்கே பிடித்தது ரெயின்போ ட்ரௌட். அதுவும் அந்நியம்தான். அணை வந்து தண்ணீர் குளிர்ந்து தெளிந்ததால்தான் அதற்கு அங்கே வாழ்வு. அதாவது, எனக்குப் பிடித்த ஆறு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது கூன்முதுகு மீனுக்குப் பிடிக்காத ஆறு.

2003 முதல் 2006 வரை லிட்டில் கொலராடோ சேருமிடத்தில் படகில் மின்சாரம் பாய்ச்சி, மயங்கி மிதந்த அந்நிய மீன்களை அள்ளினார்கள். 20 ஆயிரத்துக்கு மேல், பெரும்பாலும் ட்ரௌட். அந்தக் கணக்கை முதலில் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எரிவதில்லை என்று சொல்ல முடியாது, கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ப்ரௌன் ட்ரௌட் கதை வேறு. ரெயின்போவைவிடப் பெரிய மீன்தின்னி. 2020 கடைசியில் தேசியப் பூங்காத் துறையே அறிவித்தது: ஆறு அங்குலத்துக்கு மேல் ஒரு ப்ரௌன் பிடித்தால் 25 டாலர். தலையையும் குடலையும் பையில் கட்டி அங்கே இருக்கும் ஃப்ரீசரில் போட வேண்டும், உடம்பை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். என் மொத்த வருமானம் 75 டாலர். பெட்ரோல் செலவை மனைவி இன்னும் கேட்கவில்லை.

21 ஜூலை 2024

மூன்று மீன்தான். கணக்குப் போட்டுக் கேட்டவருக்கு நன்றி.

3 ஆகஸ்ட் 2024

குளிர் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் ஏறி இறங்குவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்கு அதுதான் நேரில் பார்த்த விஷயம்.

சில வருடம் முன்பு ரப்பர் படகில் கேன்யனுக்குள் போனோம். முதல் நாள் மாலை படகைத் தண்ணீர் விளிம்பில் கட்டினோம். வழிகாட்டி வந்து பார்த்துவிட்டு, "கயிறை நீட்டிவிடுங்கள், இன்னும் உள்ளே தள்ளிக் கட்டுங்கள்" என்றார். நாங்கள் களைப்பில் தலையை மட்டும் ஆட்டினோம். காலையில் பார்த்தால் படகு ஈர மணலில் உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் பத்தடி தள்ளி ஓடுகிறது. ஆறு பேர் தள்ளினோம். கடலே இல்லாத இடத்தில் ஓதம்! பகலில் நகரங்களுக்கு மின்சாரம் அதிகம் வேண்டும், அணை அதிகம் விடும், இரவில் குறைக்கும். அந்த அலை ஆற்றோடு பயணம் செய்து ஒவ்வொரு மைலுக்கும் ஒவ்வொரு நேரத்தில் வரும். வழிகாட்டிகளுக்கு அது மனப்பாடம்.

இதற்கு இப்போது கடிவாளம் இருக்கிறது. நொடிக்கு இத்தனை கன அடி என்பது ஓட்டத்தின் கணக்கு; அதை ஒரு மணி நேரத்துக்குள் 4,000 கன அடிக்கு மேல் ஏற்றக்கூடாது, 2,500க்கு மேல் இறக்கக்கூடாது, ஒரு நாளில் மொத்த ஏற்ற இறக்கம் 8,000ஐத் தாண்டக்கூடாது. பகலில் குறைந்தது 8,000, இரவில் 5,000 ஓட வேண்டும். 1992இல் கிராண்ட் கேன்யனுக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை ஒட்டி வந்த விதிகள், 2016இல் திருத்தியவை. இவை இல்லாத காலத்தில் ஆறு ஒரு பொத்தானுக்கு ஆடியது.

இரண்டாம் நாள் மாலை வழிகாட்டி ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஆல்கஹால் ஊற்றி, மேலே ஊதா விளக்கை வைத்து, மணலில் விட்டார். ஒரு மணி நேரம், கடிகாரம் பார்ப்பது என் வேலை. பூச்சிகள் வந்து விழுந்தன. பெரும்பாலும் கொசு மாதிரியான மிட்ஜ். வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, தேதியும் மைலும் எழுதினோம். ஆய்வாளர்களுக்குப் போகும் மாதிரி அது. இப்படிப் படகுக்காரர்கள் சேர்த்த பாட்டில்களிலிருந்துதான் ஒரு பெரிய விஷயம் பிடிபட்டது.

ஈசல் மாதிரி ஆற்றில் பிறக்கும் பூச்சிகளில் பல, நீர்விளிம்பில் பாறையை ஒட்டி முட்டையிடும். அந்தி நேரத்தில் தண்ணீர் ஏறியிருந்தால் மேலே இட்டுவிடும். இரவில் தண்ணீர் இறங்கினால் முட்டை பாறையில் காய்ந்துவிடும். அந்தியில் தண்ணீர் குறைவாக இருக்கும் மைல்களில் பூச்சி அதிகம், ஏறியிருக்கும் மைல்களில் குறைவு. அலையின் நேரத்தை அப்படியே பூச்சிக்கணக்கில் பார்க்கலாம். இந்த ஆற்றில் மீனுக்குத் தீனி பஞ்சமாக இருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

பரிகாரம் எளிது. 2018 முதல் 2020 வரை மூன்று கோடையில் மே முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறு இரண்டு நாளும் தண்ணீரைக் குறைவாக, ஆடாமல் விட்டார்கள். பூச்சிக்கும் வார விடுமுறை. சனி ஞாயிறு மின்தேவை குறைவு என்பதால் பெரிய நஷ்டமும் இல்லை. இந்த ஆற்றில் நடந்த பரிசோதனைகளில் எனக்குப் பிடித்தது இதுதான், யாருக்கும் பெரிதாக வலிக்கவில்லை.

4 ஆகஸ்ட் 2024

ஈசல் என்று எழுதியது தப்பு. ஈசல் கரையான் சாதி, மண்ணில் பிறப்பது. நான் சொன்னது கேடிஸ், மே ஈ மாதிரியானவை. மிட்ஜ் இந்த விஷயத்தில் கொஞ்சம் சாமர்த்தியசாலி, திறந்த நீர்ப்பரப்பிலும் முட்டையிடும். அதனால்தான் என் தட்டில் அதுவே அதிகம் விழுந்தது.

9 ஆகஸ்ட் 2024

"வெள்ளம் விட்டால் ஆறு பழையபடி ஆகிவிடாதா?"

விட்டுப் பார்த்தார்கள். 1996 மார்ச்சில் நொடிக்கு 45,000 கன அடி, ஏழு நாள். மொத்தம் 27 டிஎம்சி. அன்றைய அமைச்சர் புரூஸ் பாபிட் நேரில் வந்து திறந்து வைத்தார். நோக்கம், ஆற்றடியில் கிடக்கும் மணலைக் கிளப்பிக் கரையில் ஏற்றுவது. மணல்திட்டுக்குப் பின்னால் தேங்கும் வெதுவெதுப்பான தண்ணீர் மீன்குஞ்சுக்குத் தொட்டில். கரைகள் உயர்ந்தன, எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்ச மாதத்தில் கரைந்துபோயின.

அடியில் வருடக்கணக்காக மணல் சேர்ந்து கிடக்கிறது என்று நினைத்தது பிசகு. வரும் மணலில் பெரும்பங்கை அணை தடுத்துவிடுகிறது, மிச்சம் பாரியா என்ற சிற்றாறு கோடைப் புயலில் கொண்டுவந்து கொட்டுவதுதான். அதுவும் அடியில் அதிக நாள் தங்காது. ஆகவே பாரியா மணல் தந்ததும் வெள்ளம் விடுவது என்று முறையை மாற்றினார்கள். 2012 முதல் பல இலையுதிர்காலங்களில் அப்படி நடந்தது.

இதிலும் ஒரு பிள்ளையார் பிடிக்கப்போன கதை உண்டு. 2008 மார்ச் வெள்ளம் லீஸ் ஃபெரியில் கூழாங்கல்லையெல்லாம் கழுவிப் பளிச்சென்று ஆக்கியது. ட்ரௌட் குஞ்சுகளுக்கு அது மாமியார் வீட்டு விருந்து. பெருகி, கீழே இறங்கி, கூன்முதுகுக் குஞ்சுகளுக்குப் போட்டியாகவும் எமனாகவும் போய் நின்றன. எனக்கு நல்ல சீசன். மீனுக்கு இல்லை.

28 ஆகஸ்ட் 2024

ட்ரௌட்டை அள்ளியது பற்றி எழுதியபோது ஒரு தரப்பை விட்டுவிட்டேன். லிட்டில் கொலராடோ சேருமிடம் ஜூனி பழங்குடி மக்களுக்குப் புனிதமான இடம். அங்கே ஆயிரக்கணக்கில் உயிர்களைக் கொல்வதை அவர்கள் எதிர்த்தார்கள். அந்நிய மீன், சொந்த மீன் என்ற பிரிவு அவர்கள் போட்டதில்லை. அவர்களுக்கு எல்லாம் உயிர். பிறகு மீனை உயிரோடு பிடித்து வேறிடம் கொண்டுபோவது பற்றிப் பேச்சு வந்தது.

என் வயிற்றெரிச்சலுக்கும் அவர்களுடைய எதிர்ப்புக்கும் முடிச்சுப் போட மாட்டேன். எனக்குப் போனது விளையாட்டு.

14 செப்டம்பர் 2024

"அணை கட்டியபோது சொந்த மீன்களுக்கு ஆபத்து என்று யாருக்கும் தெரியாதா?" என்ற கேள்விக்கு: தெரிந்தே செய்ததும் உண்டு. இதே ஆற்றின் மேல்கிளை கிரீன் ஆற்றில் ஃப்ளேமிங் கார்ஜ் அணை. மதகை மூடுவதற்கு முன், 1962 செப்டம்பரில், ட்ரௌட்டுக்கு இடம் காலி செய்ய ஆற்றிலும் கிளைகளிலும் நூற்றுக்கணக்கான மைலுக்கு ரோட்டெனோன் என்ற மீன்விஷத்தை ஊற்றினார்கள். சொந்த மீன்களுக்கு அப்போது "குப்பை மீன்" என்றுதான் பெயர். விஷத்தை முறிக்கக் கீழே பெர்மாங்கனேட் போட்டார்கள், அது போதாமல் விஷம் டைனோசர் தேசிய நினைவுப் பூங்காவுக்குள் போனது.

அதே அணையில் இன்று என்ன நடக்கிறது பாருங்கள். ரேசர்பேக் சக்கர் என்ற இன்னொரு சொந்த மீனின் பொடிக் குஞ்சுகளைத் தேடி வசந்தகாலத்தில் இரவில் விளக்குப்பொறி வைக்கிறார்கள். குஞ்சு பொறிக்குள் கண்ணில் பட்ட பிறகுதான் அணைக்குச் செய்தி போகிறது, வெள்ளம் விடுகிறார்கள். குஞ்சுகள் மிதந்து கரையோர ஈரநிலத்துக்குள் போய்ச் சேருகின்றன. 2012 முதல் இப்படி. முன்பெல்லாம் பனி உருகும் உச்சத்தைப் பார்த்து விட்டார்கள். வெள்ளம் முந்தி வந்துவிடும், குஞ்சு பிந்தி வரும். இப்போது மதகைத் திறக்க நாள் குறிப்பது நகக்கண் அளவு மீன்.

6 அக்டோபர் 2024

அண்ணன் மறுபடி வந்துவிட்டார். "அடிக்குழாயை இப்படி மாதக்கணக்கில் ஓட்டலாமா? அது அதற்கென்று கட்டியதா?"

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் அண்ணே. 2023 ஏப்ரலில் 39,500 கன அடியில் மூன்று நாள் வெள்ளம் விட்ட பிறகு குழாய்களுக்குள் பார்த்தால் உட்பூச்சு பெயர்ந்து குழி விழுந்திருந்தது. வேகத்தில் ஓடும் தண்ணீரில் குமிழி உருவாகி வெடித்து உலோகத்தைக் கொத்தும் கேவிடேஷன். ஏரி மட்டம் குறையக் குறைய அந்த ஆபத்து கூடும். 1983 பெருவெள்ளத்தில் இதே அணையின் உபரிநீர்ச் சுரங்கங்களை இதே குமிழிதான் குடைந்து பாறையையே தின்றது; மதகின் மேல் ஒட்டுப்பலகையை நிறுத்தித் தண்ணீரைத் தடுத்துச் சமாளித்தார்கள். 710 அடி அணைக்கு 4 அடி ப்ளைவுட்.

ஏரி 3,490 அடிக்குக் கீழே போனால் டர்பைன் ஓடாது, இந்த நான்கு குழாய்தான் ஒரே வழி. மீனுக்காக இப்போது தேய்ப்பது அப்போது கோடிக்கணக்கான பேருக்குத் தண்ணீர் விட வேண்டிய குழாய். மின்சார நஷ்டத்தைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆழம் மாற்றித் தண்ணீர் எடுக்கும் அமைப்பு ஃப்ளேமிங் கார்ஜில் 1978இலேயே வந்துவிட்டது. இங்கே அது பேச்சாகவே போனது.

7 அக்டோபர் 2024

தூக்கம் வராமல் யோசித்ததில் இன்னொரு முரண். கீழே மீட் ஏரியும் வற்றியதில், மூழ்கிக் கிடந்த ஆற்றுப்பாதை வெளியே வந்து பியர்ஸ் ஃபெரியில் ஒரு மூர்க்கமான நீர்வீச்சு உருவாகிவிட்டது. மீட் ஏரியின் அந்நிய மீன்கள் மேலே ஏற அது ஒரு கதவு மாதிரி நிற்கிறது. ஆறு வெதுவெதுப்பானதும் மேற்குக் கேன்யனில் கூன்முதுகு மீன் யாரும் எதிர்பார்க்காத அளவு பெருகியிருக்கிறது. பஞ்சம் கீழே அதற்கு வாழ்வு தந்தது, மேலே அதற்கு எதிரியைத் திறந்துவிட்டது. ஒரே பஞ்சம்.

ஜூலை 15இல் "குளிர்தான் கொன்றது" என்று எழுதினேன். அதையும் முழு உண்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்நிய மீன்களான கார்ப்பும் கேட்ஃபிஷ்ஷும் அணைக்கு வெகுகாலம் முன்பே இந்த ஆற்றில் வந்து குந்தியிருந்தன.

2 நவம்பர் 2024

இழையைத் தொடங்கியவர் "கடைசியில் முட்டாள்தனமா இல்லையா, ஒரு வரியில் சொல்லுங்கள்" என்கிறார்.

முட்டாள்தனம் இல்லை. ஆனால் வாடகை மாதிரி, நிறுத்தினால் பாஸ் திரும்ப வரும். ஏரி ஏறினால் கட்ட வேண்டாம், ஏறாவிட்டால் ஒவ்வொரு கோடையும் கட்ட வேண்டும், குழாய் தாங்கும் வரை. இரண்டு வரி ஆகிவிட்டது.

போன சனிக்கிழமை லீஸ் ஃபெரி போனேன். பழைய பாறையில் உட்கார்ந்து காலை விட்டேன். இருபத்தைந்து எண்ணினேன், எடுத்துவிட்டேன். ப்ரௌன் ஒன்றும் மாட்டவில்லை; வருமானம் 75 டாலரிலேயே நிற்கிறது.